இருட்டைப் பார்க்கத் தெரிந்த படங்கள்

நிலாவெளித் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணா, பேய்ப் படம் என்றால் பயம் வரவேண்டும். நீங்கள் புகழ்கிற 'பிரமயுகம்' என்ற மலையாளப் படம் மாதிரியானவற்றில் பாதி நேரம் மழை பெய்கிறது, விளக்கு எரிகிறது, ஒருவர் மெதுவாக நடந்து போகிறார். கூட்டாளிகளோடு போனில் பார்த்தேன், இரண்டு பேர் நித்திரையாகிவிட்டார்கள். படம் வடிவாக இருக்கிறது, சரி. ஆனால் வடிவுக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்தப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது?"

நல்ல கேள்வி. விரிவாகவே சொல்கிறேன். முப்பது வருடமாகத் திருகோணமலையில் போட்டோ ஸ்டூடியோ வைத்து வெளிச்சத்தோடும் இருட்டோடும் பிழைத்தவன் நான். அந்தத் தொழில்தான் எனக்கு இந்தப் படங்களைப் பார்க்கக் கற்றுத் தந்தது.

முதலில் நீங்கள் எதிர்பார்த்த பயத்தைப் பற்றிப் பேசுவோம். கதவு திறக்கிறது, ஒன்றுமில்லை, மூச்சு விடுகிறோம், உடனே பின்னாலிருந்து ஒரு முகம், காது கிழியும் சத்தம். உடம்பு தூக்கிப் போடுகிறது. அது உண்மையான பயம்தான், ஆனால் அது உடம்பின் வேலை. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் கண் இமை மூடும், தோள் குறுகும், கழுத்து உள்ளே இழுக்கும். யோசிப்பதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிடும். படம் என்று தெரிந்திருந்தாலும் நடக்கும். பின்னால் நின்று ஒருவர் தகரத்தில் தட்டினாலும் இதே பலன்தான். ஆனால் உடம்பு சீக்கிரம் பழகிக்கொள்ளும். முதல் தரம் துள்ளுவோம், நாலாம் தரம் சிரிப்போம். அதனால்தான் அந்த வகைப் படங்கள் ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிய சத்தம் போட வேண்டியிருக்கிறது.

இந்த உத்தியும் பிறக்கும்போது அழகாகத்தான் பிறந்தது. 1942 இல் வந்த 'கேட் பீப்பிள்' என்ற அமெரிக்கப் படம். தயாரித்தவர் வால் லூட்டன், இயக்கியவர் ஜாக் டூர்னர். கையில் காசு குறைவு, மிருக வேடம் போட்டுக் காட்ட வசதியில்லை. இரவில் ஒரு பெண் மதிலோரமாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிச்செருப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், ஆளில்லை. மரக்கிளை அசைகிறது. நாங்கள் என்னவோ பாயப்போகிறது என்று காத்திருக்க, ஒரு பஸ் சீறிக்கொண்டு வந்து நிற்கிறது. அவ்வளவுதான். அந்தப் பஸ்ஸின் பேரை வைத்தே இந்த உத்தியைச் சினிமாக்காரர் இன்றைக்கும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் பின்னால் வந்தவர்கள் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதற்கு முந்திய நடையை விட்டுவிட்டார்கள். அந்தப் படத்தின் உயிர் நடையில் இருக்கிறது. ஒரு லைட் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே கிடக்கிற இருட்டுத் துண்டுகளில் இருக்கிறது.

அந்த இருட்டுத் துண்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கோட்டை வீதியில் வைத்துச் சொல்கிறேன், உங்களுக்கு விளங்கும்.

பிரட்றிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியைப் பொழுது பட்ட பிறகு பார்த்திருப்பீர்கள். நான் பொடியனாக இருந்தபோது அர்த்தசாமப் பூசை முடிந்து மாமாவோடு நடந்து இறங்குவேன். மாமாவின் கையில் பழைய டோர்ச் லைட், பற்றரி இறங்கி மஞ்சளாக எரியும். அதைச் சும்மா ஒரு பக்கம் அடித்தால், ஆலமரத்து விழுதுகளுக்குக் கீழே இருட்டுக்குள் சோடி சோடியாகப் பச்சை வெளிச்சம். பத்து, பதினைந்து. அசையாமல் எங்களையே பார்க்கும். மான்கள்தான். பகலில் கையிலிருந்து பழத்தோல் வாங்கித் தின்கிற அதே கோட்டை மான்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மாமாவின் சாரத்தைப் பிடித்துக்கொள்வேன். அதேநேரம் "மாமா, இன்னொருக்கா அடியுங்கோ" என்றும் கேட்பேன்.

அந்த "இன்னொருக்கா"வில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பயம் கண்ணை மூடச் சொல்லும். வடிவு கண்ணைத் திறந்து வைக்கச் சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து வந்தால் மனுசன் என்ன செய்வான்? பார்த்துக்கொண்டே நிற்பான். இந்த வகைப் படங்கள் எங்களை நிறுத்தி வைக்கிற இடம் அதுதான்.

நாங்கள் இருட்டை எப்படிப் பார்க்கிறோம் என்பதும் இதில் சேர்த்தி. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், விழித்திரையில் கூம்புக் கலங்கள், கோல் கலங்கள் என்று இரண்டு வகை. கூம்புகள் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும், கோல்கள் மங்கல் ஒளிக்கு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்தால் கோல்கள் முழுதாக விழித்துக்கொள்ள 20 நிமிடம், அரை மணித்தியாலம் ஆகும். இதில் ஒரு விசேஷம், விழித்திரையின் நட்ட நடுப்புள்ளியில் கோல்களே இல்லை. ஆகவே நல்ல இருட்டில் நேராகப் பார்க்கிற பொருள் மறைந்துவிடும், கடைக்கண்ணில் இருப்பது தெரியும். மங்கலான ஒரு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துப் பாருங்கள், காணாமல் போகும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் திரும்ப வரும். ஒழுங்கை மூலையில் யாரோ நிற்கிற மாதிரித் தெரிந்து, திரும்பிப் பார்த்தால் ஆளில்லை என்று எங்கள் ஆச்சிமார் சொன்ன கதைகளில் பாதி இப்படித்தான் பிறந்திருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் அப்படித்தான் வேலை செய்கிறது.

நல்ல ஒளிப்பதிவாளர்களுக்கு இது கைவந்த விஷயம். 1961 இல் ஜாக் கிளேய்ட்டன் எடுத்த 'தி இன்னசென்ட்ஸ்' அகலத்திரைப் படம். ஒளிப்பதிவாளர் பிரெடி பிரான்சிஸுக்கு அவ்வளவு அகலத் திரை தேவைப்படவில்லை. அதனால் ஓரங்களில் மை தீட்டிய வடிகட்டிகளைச் செய்து கமராவுக்கு முன்னால் வைத்தார். நடுவில் மெழுகுதிரி வெளிச்சம், இரண்டு ஓரமும் மெல்ல மெல்லக் கறுத்துப் போகும். கதாநாயகி நடுவில் நின்று பேசுகிறாள், எங்கள் கண்ணோ ஓரத்துக்கு ஓடி ஓடித் திரும்புகிறது. ஒன்றும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் திரும்ப ஓடுகிறது. அதே படத்தில் பேய் வருகிற இடம் எது தெரியுமா? பட்டப்பகல். ஏரிக்கு அந்தப் பக்கம் நாணல்களுக்கு நடுவே கறுப்பு உடுப்போடு ஒரு பெண் சும்மா நிற்கிறாள். கிட்ட வரவில்லை, கத்தவில்லை, முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அந்தத் தூரம்தான் அடிவயிற்றைக் கலக்கும். கிட்ட வந்திருந்தால் ஒரு நடிகை என்று விட்டிருப்போம்.

அதற்கும் முன்னால், 1932 இல், கார்ல் தியோடர் டிரையர் 'வாம்பயர்' எடுத்தபோது ஒளிப்பதிவாளர் ருடோல்ப் மாட்டே கமராவுக்குச் சில அடி முன்னால் மெல்லிய வலைத்துணியைத் தொங்கவிட்டுப் படம் பிடித்தார். படம் முழுக்கப் பனி விழுந்த விடியற்காலை மாதிரி ஒரு வெளிறல். ஆளில்லாமல் நிழல்கள் மட்டும் சுவரில் நடந்து போகும். ஒரு முழத் துணி செய்த வேலை. என் ஸ்டூடியோவில் மணப்பெண்ணின் முகம் மென்மையாக விழ, லென்சுக்கு முன்னால் மெல்லிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டி எடுத்திருக்கிறேன். அதே வித்தைதான்! அங்கே அது சாவின் நிறமாகிவிட்டது.

ஸ்டூடியோக் கதை வந்ததால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். டிஜிட்டல் வருவதற்கு முந்தி எங்களுக்கு வந்த வேலையில் கணிசமானது செத்தவர்களின் படம் பெருப்பிப்பது. எட்டுக்கும் அந்தியேட்டிக்கும் மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும், வீட்டில் வேறு படம் இருக்காது. அடையாள அட்டையில் இருக்கிற முத்திரை அளவு முகத்தைத் திருப்பிப் படம் எடுத்து, பெருப்பித்துக் கழுவ வேண்டும். டார்க் ரூமில் சிவப்பு லைட். தட்டில் மருந்துத் தண்ணீர். வெள்ளைப் பேப்பரை உள்ளே விட்டு மெல்ல ஆட்டிக்கொண்டிருப்பேன். சில செக்கன் ஒன்றும் வராது. பிறகு கறுப்பான பகுதிகள் முதலில் எழும்பும். தலைமயிர், புருவம், கண்மணி. முகம் இன்னும் இல்லை, தாடை இல்லை, மூக்கு இல்லை. வெள்ளைத் தாளில் இரண்டு கண் மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கும். அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்து அந்தக் கண்களைச் சுற்றிக் கூடும்.

எத்தனையோ நூறு தரம் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் பழகவில்லை. பயமா என்றால் பயமில்லை, ஆனால் அந்த நேரத்தில் யாரும் கதைக்க மாட்டோம். உதவிக்கு நின்ற பொடியன்கூட வாயை மூடிக்கொள்வான். நல்ல அமானுஷ்யப் படம் பார்க்கும்போது எனக்கு வருவது அந்தத் தட்டுக்கு முன்னால் நின்ற அமைதிதான். வேறு எந்த வகைப் படமும் எனக்கு அதைத் தந்ததில்லை.

இனி, வடிவு என்று நீங்கள் சொன்னீர்களே, அதற்கு வருவோம். இந்த வகையில் உச்சம் எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது மசாக்கி கோபயாஷியின் 'க்வைடான்'. 1965 இல் கான் விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசு பெற்றது. மூன்று மணித்தியாலப் படம், நாலு கதை. லாப்காடியோ ஹேர்ன் எழுத்தில் வந்த பழைய ஜப்பானியப் பேய்க் கதைகள். கோபயாஷி வெளியே போய்ப் படம் பிடிக்கவில்லை. விமானம் நிறுத்துகிற பழைய கொட்டகை ஒன்றுக்குள் காட்டையும் பனியையும் வீட்டையும் கட்டினார். வானத்தைச் சீலையில் வரைந்தார். பொய்யான வானம் என்று பார்த்தவுடனே தெரியும். மறைக்க முயலவே இல்லை.

அதில் பனிப்பெண் கதை. பனிப்புயலில் இரண்டு விறகுவெட்டிகள் ஒரு குடிசையில் ஒதுங்குகிறார்கள். பின்னால் வானத்தில் பெரிய பெரிய கண்கள் வரைந்திருக்கும். இரவில் வெள்ளை உடுத்த பெண் வந்து கிழவர் மேல் ஊதுகிறாள், அவர் உறைந்து சாகிறார். இளையவனை விட்டுவிடுகிறாள், யாருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. காலம் போகிறது. அவன் கலியாணம் கட்டுகிறான், பிள்ளைகள் பிறக்கின்றன, சந்தோசமான வீடு. ஓர் இரவு மனைவி விளக்கடியில் தைத்துக்கொண்டிருக்கிறாள், அவன் செருப்புப் பின்னிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்து, "உன்னைப் பார்க்க எப்பவோ கண்ட ஒருத்தி ஞாபகம் வருகிறது" என்று அந்தக் கதையைச் சொல்லத் தொடங்குகிறான்.

இந்த இடத்தை நான் எத்தனை தரம் திரும்பப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பெரிய மாயாஜாலம் ஒன்றும் கிடையாது. மஞ்சளாக, சூடாக இருந்த அறை நீலமாக மாறுகிறது. லைட்டுக்கு முன்னால் நிறத்தாளை மாற்றுகிற வேலை, என் ஸ்டூடியோவிலும் செய்யலாம். ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு குடும்பத்தின் பத்து வருடம் இருந்தது. அது போனவுடன் குளிர் எங்கள் உடம்பில் ஏறுகிறது. பிள்ளைகளுக்காக அவனைக் கொல்லாமல் விட்டுப் போகிறாள். அவன் அவளுக்காகப் பின்னிய செருப்பை வாசலில் பனி மேல் வைக்கிறான். செருப்பு மறைந்துபோகிறது. நான் கண் கலங்காமல் அந்த இடத்தைக் கடந்ததில்லை. பேய்ப் படத்தில் அழுகிறவனா என்று மனுசி கேட்பாள். அவளும் அழுதிருக்கிறாள்.

வரைந்த வானம் என்று தெரிந்தும் ஏன் இது வேலை செய்கிறது? எங்களுக்கு இது புதிதில்லை. நவராத்திரியில் எங்கள் ஊரில் கும்பம் வீதிக்கு வரும்போது பார்த்திருக்கிறீர்கள். வேப்பிலையும் பூவும் கட்டிய கும்பம், பறைச் சத்தம், பந்த வெளிச்சம். தூக்குகிறவர் யாரென்று தெரியும், காலையில் கடையில் தேத்தண்ணி குடித்தவர்தான். ஆனால் அவர் முன்னால் வரும்போது சனம் விலகி நிற்கும், கை தானாகக் கூப்பும். செய்து வைத்தது என்று தெரிவது பக்தியைக் குறைக்காது. கூத்தும் அப்படித்தான். செய்நேர்த்தியோடு செய்யப்பட்ட ஒன்றுக்கு முன்னால் மனம் தானாகவே ஒரு படி கீழே இறங்கி நிற்கும். க்வைடான் அந்த மரியாதையை எங்களிடம் கேட்டு வாங்குகிறது. இதைத்தான் நான் வடிவு என்று சொல்கிறேன். கமரா வழவழவென்று போவதும், விலை கூடின லென்சும் எனக்குப் பெரிதில்லை.

சத்தத்தைப் பற்றியும் கொஞ்சம். அந்தப் படத்துக்கு இசை தோரு தகெமித்சு. மரம் பிளக்கிற சத்தம், கல் உரசுகிற சத்தம், பிறகு நீண்ட மௌனம். திரையில் ஒருவன் விழுவான், விழுகிற சத்தம் வராது, பதிலுக்கு எங்கேயோ பலகை முறியும். எங்களுக்குச் சத்தத்தின் பயத்தைச் சொல்லித்தரத் தேவையில்லை. இரவில் கரண்ட் போனவுடன் முதலில் என்ன நடக்கும்? பிறிஜ்ஜின் முனகல் நிற்கும், பேன் ஓயும். அதுவரை கேட்காத கடல் கேட்கத் தொடங்கும். கடல் முதலும் அங்கேதான் இருந்தது. கோணேசர் கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்கு மேலே இரவில் நின்றால், கீழே நீர் பாறை இடுக்குக்குள் போய் வெளியே வருகிற சத்தம் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரியே இருக்கும். நல்ல இயக்குநர் சத்தத்தைக் கூட்டிப் பயமுறுத்த மாட்டார். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவார், மிஞ்சியதை நீங்களே கேட்பீர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது இனிச் சொல்லப்போவது. இந்தப் படங்களில் வருகிற பேய்கள் பெரும்பாலும் எதையோ கேட்டு வருகிறவர்கள். தங்களுக்கு நடந்ததை யாராவது காண வேண்டும் என்று நிற்கிறவர்கள். 2001 இல் கியேர்மோ டெல் டோரோ எடுத்த 'தி டெவில்ஸ் பேக்போன்' அப்படி. ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க்காலத்து அநாதை விடுதி, முற்றத்தின் நடுவில் விழுந்து வெடிக்காத குண்டு ஒன்று குத்தி நிற்கிறது, பொடியள் அதைச் சுற்றி விளையாடுகிறார்கள். அங்கே வருகிற பேய் ஒரு சின்னப் பிள்ளை. அந்தக் குண்டைப் பார்த்து வெளியூர்க்காரர் எதை நினைப்பார்களோ, எங்களுக்கு விளக்கவுரை வேண்டாம்.

கென்ஜி மிசொகுச்சியின் 'உகெட்சு' 1953 இல் வந்தது, வெனிஸில் வெள்ளிச் சிங்கம் பெற்றது. பதினாறாம் நூற்றாண்டு, போர் நடக்கிற காலம். குயவன் ஒருவன் பானை விற்றுப் பணம் சேர்க்கப் பட்டணம் போகிறான், மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு. பனிமூட்டத்தில் ஏரியைக் கடக்கிற தோணிக் காட்சி ஒன்று உண்டு, வெளிச்சத்தைக் கரைத்துக் குடித்த மாதிரி, ஒளிப்பதிவு கசுவோ மியாகவா. பட்டணத்தில் பேய்ச் சீமாட்டி ஒருத்தியின் மயக்கத்தில் விழுகிறான். கடைசியில் எல்லாம் தெளிந்து வீடு திரும்புகிறான்.

அந்த வருகையைக் கவனியுங்கள். கதவைத் திறந்து உள்ளே வருகிறான். இருட்டு. அடுப்பு அணைந்து கிடக்கிறது. ஆளில்லை. மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே பின்வாசலால் வெளியே போய் வீட்டைச் சுற்றி வருகிறான். கமரா உள்ளே இருந்தபடியே அவனோடு திரும்புகிறது, வெட்டே இல்லை. அவன் முன்வாசலுக்குத் திரும்பி வரும்போது அதே அறை, அடுப்பு எரிகிறது, மனைவி பக்கத்தில் இருந்து சமைக்கிறாள். அவனுக்குச் சாப்பாடு கொடுக்கிறாள், நித்திரையானவுடன் போர்த்திவிடுகிறாள். விடிந்த பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது, அவள் எப்போதோ செத்துவிட்டாள்.

என் சின்னம்மாவுக்குச் சம்பூரில் வீடு. 2006 இல் போர் வந்து ஊர் முழுக்க ஓடியபோது அவவும் ஓடினா. திரும்பிப் போகக் கிட்டத்தட்டப் பத்து வருடம் பிடித்தது. முதல்நாள் நானும் கூடப் போனேன். வீடு இல்லை. பற்றை, நடுவில் அத்திவாரத்தின் இரண்டு மூன்று வரிக் கல். சின்னம்மா ஒன்றும் கதைக்காமல் பற்றைக்குள் நடந்து போய் ஓரிடத்தில் நின்று, "இதுதான் குசினி" என்றா. காலால் மண்ணை விலக்கினா. கீழே அடுப்புக் கல் ஒன்று, ஒரு பக்கம் இன்னும் கரி பிடித்தபடி. சுள்ளி பொறுக்கி, கொண்டுபோன கேத்தலை வைத்து அங்கேயே தேத்தண்ணி வைத்தா. கூட வந்த சனம் வேலையை விட்டுவிட்டு அந்தப் புகையைச் சுற்றி வந்து நின்றார்கள். அவ ஊற்றிய தேத்தண்ணியில் ஒரு கிளாஸ் கூட இருந்தது. யாருக்கென்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் 'உகெட்சு' பார்த்தேன். அடுப்பு எரிகிற அந்த இடம் வந்தபோது படத்தை நிறுத்திவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். ஜப்பானில் எனக்குத் தெரியாத ஒரு பாஷையில் எடுத்த படம், என் குசினியை எப்படி அறிந்தது? பேய் என்றால் பயம் என்று மட்டும் நினைத்திருந்தேன். பேய் வரவேண்டும் என்று ஆசைப்படுகிற மனமும் உண்டு. இந்தப் படங்களால் அந்த மனத்தோடு பேச முடிகிறது.

ஊருக்கும் பேய்க்கும் உள்ள தொடுப்பையும் சொல்லிவிடுகிறேன். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை உச்சியில் ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்று நிற்கிறது, 1687 என்று அதில் வெட்டியிருக்கிறது. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண் காதலன் கப்பலேறிப் போனதால் அந்த இடத்திலிருந்து கடலில் குதித்தாள் என்பது கதை. அவள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து கலியாணம் கட்டியவள் என்று பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் கதை சாகவில்லை. ஏன்? அங்கே போய் நின்று பாருங்கள். 300 அடிக்கு மேலே செங்குத்தான பாறை, கீழே கருநீலக் கடல், அந்தக் கடலுக்குள் 1622 இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்கள் கிடக்கின்றன. அப்படி ஓர் இடம் தனக்கு ஒரு கதை வேண்டும் என்று கேட்கும். இடம் முதலில், பேய் பிறகு. நல்ல இயக்குநர்களும் இந்த வரிசையில்தான் வேலை செய்கிறார்கள். பாழடைந்த மனையைக் கட்டிவிட்டு, மழையை விட்டுவிட்டு, விளக்கைக் கொளுத்திவிட்டு, பிறகுதான் பேய்க்குக் கதவு திறக்கிறார்கள்.

எங்கள் சினிமாவிலும் இது இருந்தது. 1963 இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை', ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். முற்பிறவிக் கதை, பாழடைந்த பங்களா, சுசீலாவின் அந்தக் குரல். அடுத்த வருடமே வின்சென்ட் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' இயக்கினார், கதை வைக்கம் முகம்மது பஷீர். நிலவொளியைக் கறுப்பு வெள்ளையில் எப்படிக் கொட்டுவது என்று அறிய விரும்புகிறவர்கள் அவருடைய வேலையைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு தமிழில் பேயைச் சிரிப்புக்கும் குத்துப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டோம். எனக்கு அதில் உண்மையாகவே கவலை. 2014 இல் மிஷ்கினின் 'பிசாசு' வந்தபோது மனம் நிறைந்தது, செத்துப்போன பெண் அன்போடு வீட்டைக் காக்கிறாள். அந்த வழியில் போகிறவர்கள் குறைவு. மராட்டிய மண்ணின் மழையில் எடுத்த 'தும்பாட்', 2018, ஹிந்திப் படம். தவறவிடாதீர்கள். நிறத்தால் மிரட்டுகிற படம் வேண்டுமென்றால் தாரியோ அர்ஜென்டோவின் 'சுஸ்பீரியா', 1977. சிவப்பும் நீலமும் முகத்தில் ஊற்றியிருப்பார்கள். கதை கொஞ்சம் பலவீனம், எனக்கு அது பெரிதாகப்படவில்லை.

வடிவான பேய்ப் படம் எல்லாம் நல்லதென்று சொல்ல மாட்டேன். விளம்பரப் படம் மாதிரி ஒவ்வொரு காட்சியையும் மினுக்கி, உள்ளே ஒன்றுமில்லாமல் விடுகிறவையும் நிறைய வருகின்றன. சோதிக்க எனக்கு ஒரு வழி உண்டு. அந்த இருட்டை எடுத்துவிட்டுப் பகலில் அதே கதையைச் சொன்னால் யாருக்காவது வலிக்குமா? 'பிரமயுகம்' அதில் தேறும். ஓடிவந்த பாணன் ஒருவன் காட்டு மனைக்குள் ஒதுங்குகிறான், சோறு கிடைக்கிறது, பிறகு வெளியே போக முடியவில்லை. தன் காலத்தையே பகடையில் தோற்கிறான். அதிகாரம் ஒருவனை எப்படி விழுங்கும் என்ற கதை அது, மம்முட்டி சாப்பிடுகிற விதத்திலேயே தெரியும். 2024 இல் வந்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டிய காரணமும் அதுதான். நிறம் இருந்தால் காடு பச்சையாகி, மழை வடிவாகி, வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்ற ஆறுதல் வந்துவிடும். அந்த மனைக்குள் கிடக்கிறவனுக்கு வெளியே என்று ஒன்று கிடையாது.

ஆகவே தம்பி, உங்கள் கூட்டாளிகள் நித்திரையானதற்குப் படத்தைக் குறை சொல்லாதீர்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். போனில், வெளிச்சமான அறையில், ஐந்து பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தால் அந்தப் படத்தின் முக்கால்வாசி உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. கறுப்புக்குள் இருக்கிற கறுப்பு சின்னத் திரையில் ஒரே பூச்சாகிவிடும். தரம் குறைந்த கொப்பியில் இருட்டு கட்டம் கட்டமாக உடையும். அந்த ஓரத்தில்தான் படமே நடக்கிறது என்றால் என்ன செய்வது?

இப்படிச் செய்யுங்கள். வீட்டில் டிவி இருந்தால் அதில் போடுங்கள். செட்டிங்குக்குள் போய் அசைவை மழமழப்பாக்குகிற வசதியை நிறுத்துங்கள், பிரைட்னஸைக் கூட்டாதீர்கள். யன்னலை மூடி லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, படம் தொடங்குவதற்கு முந்தி இருபது நிமிடம் சும்மா இருங்கள். போனைத் தொடக்கூடாது. ஒருக்கால் திரையைப் பார்த்தாலும் கண் திரும்பப் பழைய நிலைக்குப் போய்விடும். ஆகக் கூடினால் இரண்டு பேர். கதைக்க வேண்டாம். 'உகெட்சு' ஒன்றரை மணித்தியாலப் படம், அதிலிருந்து தொடங்குங்கள். அது பிடித்தால் 'தி இன்னசென்ட்ஸ்', பிறகு ஒரு மழை இரவாகப் பார்த்து 'க்வைடான்'. அதை ஒரே இரவில் பார்க்க வேண்டும் என்றில்லை, ஓர் இரவுக்கு ஒரு கதை போதும். 'பிரமயுக'த்தை அதற்குப் பிறகு திரும்பப் பாருங்கள், அந்த மனையின் முற்றத்து மூலையில் எத்தனை தரம் உங்கள் கண் போய் வருகிறது என்று எண்ணிக்கொண்டு.

நடுவில் கரண்ட் போனால் உடனே போன் லைட்டை அடிக்காதீர்கள். நிலாவெளியில் உங்கள் வீட்டிலிருந்து கடல் கேட்கும்தானே.